பெரிய கப்பலை ஒட்டி நிற்கும் அந்தச் சின்னக் கப்பலுக்கு மீதி நாளெல்லாம் என்ன வேலை?

குவீன்ஸ்டவுன், அயர்லாந்து என்று அடியில் எழுதிய பழைய புகைப்படம் ஒன்றைப் போட்டிருந்தீர்கள். நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய அட்லாண்டிக் கப்பல், அதன் விலாவை ஒட்டி, இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த சின்ன நீராவிக் கப்பல், அதன் மேல்தளத்தில் தேர்த் திருவிழா மாதிரி கூட்டம். "இது டக் போட் (இழுவைப் படகு) தானே, இதில் ஏன் இத்தனை ஜனம்? பெரிய கப்பல் வந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும் என்றால் மற்ற நேரமெல்லாம் இது சும்மாவா கிடந்தது?" என்று கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கு ஒரு வரி போதும். இதற்கு டெண்டர் என்று பெயர், கரைக்கு வராத கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் தபாலையும் பெட்டியையும் கொண்டுபோய்க் கொண்டுவருவது. இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்பது, ஒன்றிரண்டு மணி நேர வேலைக்காக ஒரு முழுக் கப்பலையும் ஆட்களையும் வருஷம் முழுக்க வைத்துத் தீனி போட்டது யாருக்குக் கட்டுப்படியானது என்பது. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நான் கப்பலில் என்ஜினியராக இருபத்தாறு வருஷம் இருந்தவன். என் முதல் கப்பலில் ஒரு ஸ்காட்ச் பாய்லர் இருந்தது. எண்ணெயில் எரிவது, கரியில் அல்ல. கரி அள்ளிப் போட்ட அனுபவம் எனக்குக் கிடையாது. ஆனால் இலங்கையின் காலி, சிங்கப்பூர் வெளித்துறைகளில் சின்ன லாஞ்சிலிருந்து பெரிய கப்பலுக்கு ஏறி இறங்கிய அனுபவம் நிறைய. கீழே எழுதுவதில் ஊர், தேதி, அளவு எல்லாம் பதிவில் உள்ளவை. ஆட்கள் எப்படி வேலை செய்திருப்பார்கள் என்று நான் சொல்லும் இடங்களில் சிலது என் தொழில் அனுபவத்தில் இருந்து ஊகித்தது. அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கப்பல் ஏன் கரைக்கு வரவில்லை என்பதை முதலில் முடித்துவிடலாம். லிவர்பூலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மெர்சி ஆற்றில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே தண்ணீர் மட்டம் 9 மீட்டர் வரை மாறும். மூன்று மாடி உயரம்! நம் தூத்துக்குடியில் இது ஒரு மீட்டரைத் தொட்டாலே பெரிது. அதனால் லிவர்பூலின் டாக்குகளுக்கு, அதாவது கப்பல் உள்ளே போய்க் கட்டி நிற்கும் நீர்த்தொட்டிகளுக்கு, கதவு உண்டு. ஏற்றம் நிறைந்திருக்கும் கொஞ்ச நேரம்தான் திறப்பார்கள், பிறகு உள்ளே இருக்கும் தண்ணீர் வடியாமல் மூடிவிடுவார்கள். கப்பல் கரியும் சரக்கும் ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் டாக்கை விட்டு வெளியே வந்து நடு ஆற்றில் நங்கூரம் போடும். பயணிகள் பிரின்சஸ் லேண்டிங் ஸ்டேஜ் என்ற மிதக்கும் மேடையில் இருந்து டெண்டரில் ஏறி அங்கே போவார்கள். வரும்போது இன்னொரு தொல்லை. ஆற்று வாய்க்கு வெளியே மணல்திட்டு. 1890-ல் தூர்வாரும் வேலை தொடங்கும் வரை, வற்றத்தில் அதன் மேல் தண்ணீர் சுமார் 11 அடிதான். 20 அடிக்கு மேல் மிதப்பு ஆழம் உள்ள கப்பல் அட்லாண்டிக்கை ஆறு நாளில் தாண்டி ஓடி வந்து, ஊர் விளக்கு தெரிகிற தூரத்தில் ஏற்றத்துக்காக மணிக்கணக்கில் நிற்கும். முதல் வகுப்புப் பயணி சும்மா இருப்பாரா? தபால் இலாகா சும்மா இருக்குமா? டெண்டர்தான் ஓடும்.

குவீன்ஸ்டவுன் கதை வேறு. இன்று அந்த ஊருக்குப் பெயர் கோவ். அங்கே துறைமுகம் நன்றாகவே ஆழம், உலகத்தின் நல்ல இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. ஆனாலும் பெரிய கப்பல்கள் ஊர்க்கரைக்கு வரவில்லை. துறைமுக வாயில் ரோச்சஸ் பாயிண்ட் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நின்று, ஊரில் இருந்து நாலைந்து மைல் தள்ளியே வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். இங்கே கடல் தடுக்கவில்லை, கடிகாரம் தடுத்தது. உள்ளே வந்து, கட்டி, அவிழ்த்து, திரும்பிப் போனால் பாதிப் பகல் போய்விடும். குவீன்ஸ்டவுனில் நிற்பதே நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான். நிற்கிற இடத்தில் நேரத்தை விட்டால் என்ன பிரயோஜனம்?

எப்படி மிச்சம் என்றால், குனார்ட் கம்பெனியின் கப்பல் சனிக்கிழமை லிவர்பூலில் கிளம்பும். லண்டன் வியாபாரி ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் வரை உட்கார்ந்து நியூயார்க்குக்குக் கடிதம் எழுதலாம். கப்பல் போய்விட்டதே என்ற கவலை வேண்டாம். அந்தக் கடிதம் இரவு ரயிலில் ஹோலிஹெட் போய், ஐரிஷ் கடலைத் தபால் கப்பலில் தாண்டி, டப்ளின் பக்கத்தில் கிங்ஸ்டவுனில் இறங்கி, மறுபடி ரயில் ஏறி ஞாயிற்றுக்கிழமை குவீன்ஸ்டவுன் வந்துவிடும். லிவர்பூலில் இருந்து சுற்றிக்கொண்டு வந்த கப்பலும் அதே நாளில் வாயிலில் நிற்கும். ரயில் நிலையத்தில் இருந்து கப்பல் வரை உள்ள அந்தக் கடைசி நாலைந்து மைல்தான் டெண்டர். திரும்பி வரும்போதும் அப்படியே. அமெரிக்கத் தபால் குவீன்ஸ்டவுனில் இறங்கி ரயிலில் ஓடி, அதைக் கொண்டுவந்த கப்பல் லிவர்பூல் சேர்வதற்குள் லண்டனை நெருங்கிவிடும். 1859-ல் இருந்து அட்லாண்டிக் கம்பெனிகள் குவீன்ஸ்டவுனில் முறையாக நிற்கத் தொடங்கியதற்கு இந்தத் தபாலும், அயர்லாந்தில் இருந்து கும்பல் கும்பலாகக் கிளம்பிய ஜனமும் சேர்ந்த காரணம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கணக்கு உண்டு. அந்தக் காலத்து அட்லாண்டிக் வேகச் சாதனைகளை லிவர்பூலில் இருந்து அளக்க மாட்டார்கள். குவீன்ஸ்டவுனுக்கு வெளியே டான்ட்ஸ் ராக் தொடங்கி நியூயார்க்கின் சாண்டி ஹூக் வரை என்றுதான் அளப்பார்கள். 1891 ஆகஸ்டில் ஒயிட் ஸ்டார் கம்பெனியின் டியூட்டானிக் 5 நாள் 16 மணி 31 நிமிடத்தில் தாண்டியது என்றால், அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது டெண்டர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு விலகிய பிறகு. டெண்டர் தாமதித்தால் சாதனைக்குப் பங்கமில்லை, தபாலுக்கும் மறுகரையின் ரயிலுக்கும்தான் பங்கம். பத்திரிகையில் பேர் வந்தது பெரிய கப்பலுக்கு, அதிகாரியிடம் திட்டு வாங்கியது சின்னக் கப்பல் என்று நினைக்கிறேன். இது ஊகம்தான், ஆனால் துறைமுகத்தில் வேலை பார்த்த யாரும் மறுக்க மாட்டார்கள்.

சரி, ஒரு வேலை நாள் எப்படிப் போயிருக்கும்? மேற்கில் இருந்து வரும் கப்பலை எடுத்துக்கொள்வோம். கம்பியில்லாத் தந்தி வருவதற்கு முந்தைய காலம். கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அயர்லாந்தின் தென்மேற்கு முனையில் பிரௌ ஹெட் என்ற இடத்தில் ஒரு சைகை நிலையம். கப்பல் கொடி ஏற்றியோ, இரவானால் வாணம் விட்டோ, நிறவிளக்குக் கொளுத்தியோ தன் கம்பெனியின் அடையாளத்தைக் காட்டும். பார்த்தவர் உடனே தந்தி அடிப்பார். அங்கிருந்து குவீன்ஸ்டவுன் வாயிலுக்கு 19 நாட் (மணிக்கு 19 கடல் மைல்) வேகக் கப்பலுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அடுத்து கின்சேல் முனை. அதைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். ஆக டெண்டர்காரனுக்குக் கிடைத்த அவகாசம் நல்ல வானிலையில் மூன்று மணி, பனிமூட்டம் என்றால் திடீரென்று வாயிலில் சங்கு ஊதும் சத்தம் கேட்டுத்தான் தெரியும்.

மூன்று மணி நேரம் போதாதா என்று கேட்பீர்கள். பாய்லரைப் பற்றித் தெரிந்தவருக்குத்தான் இது எவ்வளவு நெருக்கடி என்று புரியும். ஒரு ஆள் உள்ளே நின்று நடமாடக்கூடிய அகலத்தில் இரும்பு உருளை, டன் கணக்கில் தண்ணீர். ஆறிக் கிடக்கும் பாய்லரைப் பற்றவைத்து அவசரமாகச் சூடேற்றினால் மேலே உள்ள தகடு விரியும், அடித்தண்ணீர் குளிர்ந்தே கிடப்பதால் கீழ்த்தகடு விரியாது. ஆணி இணைப்புகளில் கசிய ஆரம்பிக்கும். ஒழுங்கு தவறாத என்ஜினியர் குளிர்ந்த பாய்லருக்கு அரை நாளுக்கு மேல், முடிந்தால் ஒரு முழு நாளே கொடுப்பார். நான் ஜூனியராக இருந்தபோது இந்தப் பொறுமை இல்லாமல் ஒருமுறை திரியை ஏற்றிவிட்டு, இணைப்பில் தண்ணீர் வியர்க்கிற மாதிரி வழிவதைப் பார்த்து வெலவெலத்துப் போனேன். செகண்ட் என்ஜினியர் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையில் டார்ச்சைக் கொடுத்து விடிய விடிய அந்த இணைப்பையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்.

ஆகவே டெண்டரில் நெருப்பை அணைக்க முடியாது. நம் வீடுகளில் இரவு அடுப்புக் கங்கின் மேல் சாம்பலைப் போட்டு மூடிவைத்து, காலையில் கிளறி ஊதிப் பற்றவைப்பார்களே, அதே வேலை. உலைக்குள் எரியும் கரியைப் பின்னால் தள்ளிக் குவித்து, மேலே ஈரமான தூள்கரியைப் போர்த்தி, காற்று வரும் வழியைக் கிட்டத்தட்ட அடைத்துவிடுவார்கள். நெருப்பு தூங்கும், சாகாது. தந்தி வந்ததும் ஃபயர்மேன் கிளறிப் பரப்பி, நல்ல கரி வீசி, ஒரு மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் கொண்டுவந்துவிடுவார். உங்கள் கேள்விக்கான முதல் பதில் இதில் இருக்கிறது. டெண்டர் சும்மா கிடக்கும்போதுகூடக் கரி தின்றது, அதைப் பார்த்துக்கொள்ள இரவில் ஒரு ஆளாவது விழித்திருந்தான். அந்த ஆட்களுக்குக் கொடுத்த கூலியில் பெரிய பங்கு காத்திருந்ததற்குத்தான்.

இப்போது படத்தில் இருக்கும் காட்சிக்கு வருகிறேன். பெரிய கப்பலின் பக்கத்தில் போய் நிற்பது, தூரத்தில் இருந்து பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். ரோச்சஸ் பாயிண்ட் திறந்த கடலைப் பார்த்தது. காற்றே இல்லாத நாளிலும் அட்லாண்டிக்கின் நீண்ட அலை உள்ளே வந்துகொண்டே இருக்கும். பெரிய கப்பல் அசையாது, சின்னது அசையும். அதுதான் சிக்கல். டெண்டர் காற்றுக்கு மறைவான பக்கமாக வந்து, சக்கரத்தை மெதுவாக்கி, முன்கயிற்றை எறியும். பெரிய கப்பலின் விலாவில் ஒரு இரும்புக் கதவு திறந்திருக்கும். டெண்டரின் மேல்தளத்தில் இருந்து அந்தக் கதவுக்கு ஒரு கேங்வே பலகை. அலை ஏறும்போது பலகை சமமாகும், இறங்கும்போது ஏணி மாதிரி சரியும், அதன் அடி தளத்தில் தேய்ந்துகொண்டே முன்னும் பின்னும் போகும். பலகையின் இரு முனையிலும் ஒவ்வொரு டெக்ஆள். கீழே நிற்பவன் பயணியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அலை உச்சிக்கு வரும் வரை விடமாட்டான். வந்ததும் ஒரு தள்ளு, மேலே இருப்பவன் ஒரு இழு. காலியில் இன்றைக்கும் லாஞ்ச்காரன் இதையேதான் செய்கிறான். "இப்போ" என்று சொல்லும் வரை காலை எடுக்கக் கூடாது, சொன்ன பிறகு யோசிக்கக் கூடாது. ஒரு தடவை நான் யோசித்தேன். நடுவில் சிக்கியது என் பையோடு போயிற்று.

சக்கரக் கப்பலுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. சக்கரம் தண்ணீரைப் பிடிக்கும் பரப்பு அதிகம், அதனால் நினைத்த இடத்தில் சட்டென்று நிற்கும், பின்னாலும் நன்றாக இழுக்கும். ஆனால் கப்பலின் அகலமான பகுதியே சக்கரக் கூடுதான், பெரிய கப்பலின் இரும்பில் முதலில் இடிப்பது அதுதான். மரக்கட்டையும் கயிற்றுப் பந்துமாகத் தொங்கவிட்டு ஃபென்டர் கட்டினாலும் சிராய்ப்பு இல்லாத நாள் இருக்காது. இழுவை வேலைக்கான சக்கரப் படகுகளில் இரண்டு சக்கரத்தையும் தனித்தனியே சுழற்றும் வசதி உண்டு. ஒன்று முன்னால், ஒன்று பின்னால் சுற்றினால் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி திரும்பலாம். பயணிகளை ஏற்றினால் மட்டும் அந்த வசதியைப் பூட்டி, இரண்டையும் ஒரே அச்சாக்கிவிட வேண்டும் என்று அரசு விதி இருந்தது. காரணம் கூட்டம். வேடிக்கை பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் கப்பல் சாயும், ஒரு சக்கரம் ஆழத்தில் மூழ்கித் திணறும், இன்னொன்று காற்றில் தறிகெட்டுச் சுற்றும். உங்கள் படத்தில் எல்லோரும் பெரிய கப்பல் இருக்கும் பக்கமாகவே குவிந்து நிற்பதைப் பாருங்கள், விதி போட்டவர் எதைப் பார்த்துப் பயந்தார் என்று தெரியும்.

லிவர்பூலில் இந்தக் காரணத்தாலோ என்னவோ, பிந்தைய டெண்டர்கள் இரட்டை புரொப்பெல்லருக்கு மாறின. மெர்சியில் நீரோட்டம் பலமான நாளில் 5 நாட் வேகத்துக்கு மேல் இழுக்கும். பக்கவாட்டில் கூடு துருத்தாத, இரண்டு புரொப்பெல்லரை எதிரெதிராகச் சுற்றித் திரும்பக்கூடிய கப்பல் அங்கே தோதுப்பட்டது. குனார்ட் 1884-ல் கிளைட்பேங்கில் ஜே அண்ட் ஜி தாம்சன் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ஸ்கிர்மிஷர், ஒயிட் ஸ்டார் 1891-ல் பெல்ஃபாஸ்டில் ஹார்லண்ட் அண்ட் வுல்ஃபிடம் கட்டிய மேக்னெட்டிக் இரண்டுமே இந்த வகை, இரண்டும் 600 டன் சொச்சம். குவீன்ஸ்டவுனில் கிளைட் ஷிப்பிங் கம்பெனி 1891-ல் கொண்டுவந்த அமெரிக்கா, அயர்லாந்து என்ற இரண்டும் கடைசி வரை சக்கரக் கப்பல்கள்தான். உங்கள் படம் 1891-க்குப் பிந்தையது என்றால் அது இவற்றில் ஒன்றாக இருக்க நல்ல வாய்ப்பு. பேர்ப்பலகை தெரியாமல் அதற்கு மேல் அடித்துச் சொல்வது சரியில்லை.

டெண்டரில் யார் போனார்கள் என்பதையும் கேட்டிருந்தீர்கள். லிவர்பூலில் முதல் வகுப்புக்கு ஒரு நடை, கீழ்வகுப்புக்கு வேறு நடை. கீழ்வகுப்பு முதலில், காலையிலேயே. அவர்களை டாக்டர் பார்க்க வேண்டும், 1855-ம் ஆண்டு பயணிகள் சட்டப்படி கப்பல் கிளம்புமுன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். முதல் வகுப்பு மதிய உணவுக்கு முன்னோ பின்னோ வரும், கூடவே வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள். மணி அடித்ததும் அவர்கள் மறுபடி டெண்டருக்கு இறங்க வேண்டும். அதில் நடந்திருக்கக்கூடிய கூத்தை நம் விமான நிலையங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டிகளில் ஒட்டிய சீட்டில் "பயணத்தில் வேண்டும்", "பயணத்தில் வேண்டாம்" என்று இருக்கும். வேண்டாதது கப்பலின் அடிக்கிடங்குக்குப் போகும். கிடங்கில் மாறிப் போட்டால் ஒரு சீமாட்டி நியூயார்க் வரை ஒரே கவுனில் போக வேண்டியதுதான். அதனால் பெட்டி பிரிக்கும் வேலை டெண்டரின் தளத்திலேயே, ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும்.

குவீன்ஸ்டவுனில் கூட்டம் வேறு மாதிரி. அயர்லாந்தின் கிராமங்களில் அமெரிக்காவுக்குக் கிளம்பும் பிள்ளைக்கு முந்தின இரவு "அமெரிக்கன் வேக்" என்று ஒரு சடங்கு. வேக் என்றால் சாவு வீட்டில் பிணத்தின் பக்கத்தில் இரவு முழுக்க விழித்திருப்பது. உயிரோடு இருப்பவனுக்கே அதைச் செய்தார்கள், திரும்பி வரமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததால். விடிந்ததும் ரயில், குவீன்ஸ்டவுன், டெண்டர். ஊரில் கால் வைத்த கடைசிப் பலகை டெண்டரின் கேங்வே. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு திறந்தபோது முதல் ஆளாகப் பதிவான ஆனி மூர் என்ற கார்க் பெண், 1891 டிசம்பர் 20-ல் நெவாடா என்ற கப்பலில் குவீன்ஸ்டவுனில் இருந்து கிளம்பியவள். எல்லிஸ் தீவு, கோவ் என்று இரண்டு இடத்திலும் இப்போது அவளுக்குச் சிலை இருக்கிறது. அவளும் தம்பிகளும் கிளம்பியது டெண்டரில்தான் இருக்க வேண்டும், அங்கே வேறு வழக்கம் இல்லை. அழுகைக்கு நடுவே வியாபாரமும் நடந்தது. சரிகைப் பின்னல், பழம், ஐரிஷ் துணி என்று கூடை தூக்கிய பெண்கள் சின்னப் படகுகளில் கப்பலைச் சூழ்ந்துகொள்வார்கள், நம் ரயில் நிலையங்களில் ஜன்னலோரம் வருகிற மாதிரி.

தபாலின் அளவைச் சொல்ல ஒரு கணக்கு: இதே அமெரிக்காவும் அயர்லாந்தும்தான் 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக்குக்கு ஆள் ஏற்றின. காலை 11:30-க்கு நங்கூரம், மதியம் 1:30-க்குக் கிளம்பியாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில் 123 பயணிகளும் 1,385 தபால் மூட்டைகளும் ஏறின. நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மூட்டை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், ஆடுகிற பலகை வழியாக, எண்ணிக்கை தவறாமல். அப்போது அந்த டெண்டர்களுக்கு வயது இருபத்தொன்று. விக்டோரியா மகாராணி மறைந்து பதினோரு வருஷம் ஆகிவிட்டாலும் அந்தப் பலகையும் அந்த முறையும் மாறவில்லை.

இனி, சும்மா கிடந்த நாட்கள். வாரம் ஒரு கம்பெனி அல்ல, பல கம்பெனிகள் நின்றன, போகும் கப்பல், வரும் கப்பல் என்று இரண்டு கணக்கு வேறு. அதனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு ஓய்வு இருந்திருக்காது. மிச்ச நேரத்தில் டெண்டர் எதையும் செய்தது. பெரிய கப்பலை டாக்குக்குள் திருப்பிவிடும் இழுவை வேலை. குடிதண்ணீர் கொண்டுபோவது, மேக்னெட்டிக்கின் முக்கியமான வேலைகளில் இது ஒன்று. பழுதான கப்பலைக் கட்டி இழுப்பது, பைலட்டை, கம்பெனி ஏஜென்டை, சுங்கக்காரரைக் கொண்டுபோவது. கோடையில் ஞாயிற்றுக்கிழமை ஊர்ஜனத்தை ஏற்றிக்கொண்டு உல்லாசப் பயணம். ஆபத்து வந்தால் முதலில் ஓடுவதும் அதுதான், ஏனென்றால் எப்போதும் நெருப்பு அணையாமல் இருக்கும் கப்பல் அது. 1915 மே 7 அன்று லூசிடானியா மூழ்கியபோது உயிர் பிழைத்தவர்களைக் குவீன்ஸ்டவுனுக்குக் கொண்டுவந்தவற்றில் ஃப்ளையிங் ஃபிஷ் என்ற பழைய சக்கர டெண்டர் ஒன்று.

கட்டுப்படி ஆனதா என்றால், தனியாகப் பார்த்தால் ஆகாது. தபால் ஒப்பந்தப் பணம், பயணிச் சீட்டு, டாக்குக் கட்டணம் மிச்சம், கப்பல் ஒரு நாள் கூடுதலாக நிற்காததால் மிச்சமாகும் கரி, இதெல்லாம் பெரிய கப்பலின் கணக்கு நோட்டில் வரும் லாபம். டெண்டரின் நோட்டில் செலவு மட்டும்தான் தெரியும். கம்பெனிகள் இதைப் புரிந்துகொண்டுதான் லிவர்பூலில் தாங்களே டெண்டர் வைத்துக்கொண்டன, பிளிமத்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தானே டெண்டர் ஓட்டியது. ரயில்வே எதற்குக் கப்பல் ஓட்ட வேண்டும் என்று தோன்றும். பிளிமத்தில் டெண்டர் இறக்கிய பயணிகளையும் தபாலையும் லண்டனுக்கு வேகமாகக் கொண்டுபோவதில் இரண்டு ரயில் கம்பெனிகளுக்குள் போட்டி. 1904 மே 9 அன்று சிட்டி ஆஃப் ட்ரூரோ என்ற நீராவி என்ஜின் மணிக்கு 102.3 மைல் வேகத்தைத் தொட்டதாகச் சொல்லப்படுவது அப்படியொரு தபால் ரயிலில்தான். தபால் ஜெர்மன் கப்பல் ஒன்றில் இருந்து டெண்டரில் இறங்கியது. ரயில் ஓடியது நிச்சயம், 102.3 என்ற அளவு மட்டும் இன்றுவரை சர்ச்சையில் இருக்கிறது. ஒரு ஆள் ஸ்டாப்வாட்சை வைத்து எடுத்த அளவு அது.

உழைத்த காலத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எனக்குப் பிடித்த பகுதி. ஸ்கிர்மிஷர் கட்டப்பட்ட வருஷத்தில் குனார்டின் புதுக் கப்பல் அம்ப்ரியா, 8,000 டன்னுக்குள். அதே டெண்டர் 1907-ல் 31,000 டன் தாண்டிய லூசிடானியாவுக்கும் போய் நின்றது. அம்ப்ரியா 1910-லேயே உடைக்கப் போய்விட்டது. ஸ்கிர்மிஷர் இரண்டாம் உலகப்போர் வரை இருந்து, அறுபது வயதைத் தாண்டித்தான் ஓய்ந்தது. 1895-ல் லிவர்பூலில் ரிவர்சைட் ரயில் நிலையம் திறந்து, பெரிய கப்பல்கள் நேராக மேடையிலேயே கட்டத் தொடங்கியபோது இதற்கு வேலை போயிருக்க வேண்டும், போகவில்லை. ஏற்றம் சரியில்லாத நாள், மேடையில் இடமில்லாத நாள் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. மேக்னெட்டிக் 1932-ல் கைமாறி, ரைடு என்று பேர் மாற்றி, கொஞ்ச காலம் உல்லாசப் பயணக் கப்பலாக ஓடியது. பெரிய கப்பல் வேகத்துக்காகத் தன்னையே அடித்துக்கொள்ளும், சின்னது அரை வேகத்தில் குறுகிய தூரம் ஓடும். என்ஜின் நீடித்ததற்கு அது ஒரு காரணம். நெருப்பை அடிக்கடி அணைத்துப் பற்றவைக்காமல் தூங்கவே வைத்திருந்தது பாய்லருக்கு நல்லது செய்திருக்கும் என்பது நான் சேர்ப்பது.

கடைசியாக, உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டெண்டரின் புகைபோக்கியில் கரும்புகை இல்லை. அதன் பின்பக்கமாக ஒட்டி மேலே போகும் ஒல்லியான குழாயின் வாயில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிகிறது, பார்த்தீர்களா? படத்தில் கறை என்று நினைத்திருப்பீர்கள். அது சேஃப்டி வால்வு தூக்கி வெளியேறும் நீராவி. நெருப்பு முழு வேகத்தில், அழுத்தம் எல்லையில், என்ஜின் நிறுத்தம். மேலே இன்னும் பெட்டி ஏறி முடியவில்லை. கீழே என்ஜினியர் வால்வின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு, போகிற நீராவிக்கெல்லாம் கரிக்கணக்கு எழுத வேண்டுமே என்று மேலே இருப்பவர்களைத் திட்டிக்கொண்டு நிற்பார்.